செய்திகளும் மனதுக்குள் நாம் பேசிக்கொள்வதும் நம் மகிழ்ச்சியை எந்த அளவுக்கு மாற்றுகின்றன?

கேள்வி கேட்டவர் கொளத்தூரில் வசிக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற அப்பா காலைக் காபியிலிருந்து இரவு மாத்திரை வரை செய்திச் சேனல் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். ‘நாடே கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது, யாரையும் நம்ப முடியாது’ என்கிறார். கேட்பவரோ நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியைக் கீழே வைக்க முடியாமல் படுத்திருக்கிறார். அலுவலகத்தில் சின்னத் தவறு நடந்தாலும் ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவன்’ என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். செய்தி பார்ப்பதை அடியோடு நிறுத்திவிட்டு, தினமும் கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டால் எல்லாம் மாறிவிடும் என்று ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் சொன்னாராம். இதில் எவ்வளவு உண்மை என்று கேட்கிறார். நான் அந்தக் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: உலகத்தைப் பற்றியும் என்னைப் பற்றியும் எனக்குள் இருக்கும் இந்தக் கசப்பான தீர்ப்பு நான் வாழ்ந்து பார்த்து எழுதியதா, யாரோ என் காதில் ஓதி ஓதி வந்ததா? ஓதி வந்தது என்றால் அதை மாற்ற வழி உண்டா?

நான் மருத்துவ உளவியல் படித்தவன். பதற்றம், மனச்சோர்வு என்று வருபவர்களுடன் உட்கார்ந்து பேசுவதுதான் சென்னையில் பல ஆண்டுகளாக என் தொழில். மருந்து எழுதித் தருவது மனநல மருத்துவரின் வேலை. அதை நான் செய்வதில்லை. நான் சொல்லப்போவதில் ஒரு பகுதி ஆய்வுகளிலிருந்து வருவது, மறு பகுதி என் அறையில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டையும் கலந்துவிடாமல் சொல்லப் பார்க்கிறேன். முதலில் சுருக்கமான பதில். அந்தப் பேச்சாளர் சொன்னது பாதி சரி. உலகம் எப்படிப்பட்டது என்று நாம் மனதில் வரைந்து வைத்திருக்கும் படத்தை ஊடகம் மாற்றுகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது நம் மகிழ்ச்சியை எவ்வளவு குறைக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கேட்ட செய்தி ஒரு மணி நேரத்தில் கரைந்துபோகிறதா, ஒரு வாரம் உள்ளே கிடந்து அரிக்கிறதா என்பதைப் பெரும்பாலும் அதன்மேல் நாமே எழுதிக்கொள்ளும் வாக்கியம்தான் முடிவு செய்கிறது. கண்ணாடி முன் பாராட்டு மட்டும், உங்களைப் போன்ற ஒருவருக்கு, உதவாமல் போவதோடு கெடுதலும் செய்யக்கூடும்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதே ஆண்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கொலைக்குப் பலியானவர்களைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு பேர் சாலையில் செத்திருக்கிறார்கள். உங்கள் அப்பா பார்க்கும் திரையில் இந்த விகிதம் எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் கூடவே உட்கார்ந்து பாருங்கள். ஒரு வெட்டுக்குத்து, கண்காணிப்புக் கேமரா காட்சியோடு, சிவப்பு வட்டம் போட்டு, பின்னணி இசையோடு திரும்பத் திரும்ப வரும். இரு சக்கர வண்டியில் போனவர் லாரி மோதி இறந்தது கீழே ஓடும் எழுத்தில் ஒரு வரி. சர்க்கரை நோய் முற்றிச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தவருக்கு அந்த ஒரு வரியும் கிடையாது. மெல்ல நடக்கும் நல்லதற்கும் அதே கதிதான். 1971-இல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன் இறந்தன. 2020-இல் அது 28. தமிழ்நாட்டில் 13. இத்தனை தாய்மார்களின் கண்ணீர் குறைந்திருக்கிறது. ஆனால் இது எந்த ஒரு நாளிலும் நடந்த சம்பவம் அல்ல என்பதால் எந்த நாளின் முக்கியச் செய்தியாகவும் ஆகவில்லை. சேனல் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நாள் முழுக்கப் பார்த்தவரின் மனதில் எழும்பும் ஊர், அவர் வாழும் ஊராக இருப்பதில்லை.

எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அதுதான் அடிக்கடி நடக்கிறது என்று மனம் கணக்குப் போடுகிறது. உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இல் இதை விரிவாக எழுதினார்கள். 1978-இல் சாரா லிக்டன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் குழுவினர் அமெரிக்கர்களிடம் எந்தக் காரணத்தால் அதிகம் பேர் சாகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். கொலையைவிட நீரிழிவு நோய் கூடுதல் உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்த காலம் அது. மக்கள் தலைகீழாகச் சொன்னார்கள். மறு ஆண்டு பார்பரா கோம்ப்ஸும் ஸ்லோவிக்கும் அந்த நாட்டின் இரு கரைகளிலிருந்து இரண்டு நாளிதழ்களை எடுத்து, எந்த மரணத்துக்கு எவ்வளவு இடம் தரப்பட்டது என்று எண்ணினார்கள். மக்களின் தவறான கணக்கும் பத்திரிகைகள் கொடுத்த இடமும் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. இதற்காக ஆசிரியர் குழுவில் இருப்பவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு இணையதளத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்பு வடிவங்களை அலசியது. தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் அதைத் தொட்டுத் திறப்பது சராசரியாக 2.3 சதவீதம் கூடியது. கெட்டதைத் தேடிப் போவது நம் விரல்தான். ஆபத்தைக் கவனிக்கத் தவறியவர் பிழைத்திருக்க முடியாத காலத்தில் உருவான மூளை இது, அதனால் இப்படி இருக்கிறது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிரூபிக்கப்பட்ட உண்மையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உலகப் படம் கோணலானால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் காணொளிகளும் சுற்றிக்கொண்டிருந்தன. பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். சென்னையிலிருந்து குடும்பத்தோடு திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகக் கூட்டத்தால் கொல்லப்பட்டார். நாட்டின் மற்ற பகுதிகளிலும் இதுபோல நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அடித்தவர்களில் பலர் பெற்றோர்களாகத்தான் இருந்திருப்பார்கள். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் கை ஓங்கியிருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இனி சந்தேகத்துக்கு உரிய பகுதி. செய்தியும் சமூக ஊடகமும் மகிழ்ச்சியைக் குறைக்கின்றனவா? ‘ஆம், பயங்கரமாக’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். 2012-இல் ஃபேஸ்புக், 6,89,003 பயனர்களை வைத்து, சிலரின் பக்கத்தில் வரும் மகிழ்ச்சியான பதிவுகளையும் வேறு சிலரின் பக்கத்தில் வரும் சோகமான பதிவுகளையும் ஒரு வாரம் குறைத்துப் பார்த்தது. மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைவாகப் பார்த்தவர்கள் தாமும் கொஞ்சம் சோகமாக எழுதினார்கள் என்று 2014-இல் அறிக்கை வந்தது. ஆனால் அந்த மாற்றம் மிக மிகச் சிறியது. சொல்லாமல் கொள்ளாமல் மனிதர்களை வைத்துச் சோதனை செய்தார்கள் என்ற கண்டனம்தான் முடிவைவிடப் பெரிதாக எழுந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. 2018 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைக்கப் பலருக்குப் பணம் கொடுத்து ஆய்வு செய்தார்கள். அவர்களின் மனநிறைவு சற்றே உயர்ந்தது. நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சமானது. கூடவே நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. 2019-இல் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் பெரும் தரவுத் தொகுப்புகளை அலசி, வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் திரைப் பயன்பாடு விளக்குவது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்றார்கள். அவர்களோடு உடன்படாதவர்களும் உண்டு. சராசரியாகப் பார்த்தால் விளைவு சிறியது என்பது என் வாசிப்பு.

சராசரி என்ற சொல்லுக்குள் பலர் மறைந்துபோகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த வாரத்தில் தினம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கிக் கிடந்தவர்களிடம், சம்பவ இடத்தில் இருந்தவர்களிடம் காணப்பட்டதைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் காணப்பட்டதாக அலிசன் ஹோல்மன் குழுவினர் மறு ஆண்டு எழுதினார்கள். இந்த முடிவை என் அறையில் நான் பார்ப்பதோடு பொருத்திப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. ஆனால் எச்சரிக்கை தேவை. பதற்றம் மிகுந்தவர்தான் டிவியை அணைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார் என்றும் சொல்லலாம் அல்லவா? ஜார்ஜ் கெர்ப்னர் 1970-களில், அதிகம் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் உலகத்தைக் கொடூரமான இடமாகக் காண்கிறார்கள் என்று சொன்னார். டொரண்டோவில் அதைச் சோதித்த இருவர், குற்றம் மிகுந்த பகுதிகளில் வாழ்பவர்கள் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்து அதிகம் டிவி பார்ப்பதையும் கணக்கில் எடுத்தபோது அந்தத் தொடர்பு பெருமளவு காணாமல் போனது. உங்கள் அப்பா விஷயத்திலும் இந்தக் கேள்வியை நான் கடைசியில் கேட்கப் போகிறேன்: டிவி அவரைச் சோர்வாக்கியதா, சோர்வு அவரை டிவி முன் உட்கார வைத்ததா?

உள்ளே ஓடும் பேச்சுக்கு வருவோம். நான் அதிகம் அக்கறை கொள்ளும் பகுதி இதுதான். குழந்தை முதலில் பிறரோடு பேசுகிறது, பிறகு விளையாடும்போது தனக்குத்தானே வாய்விட்டுப் பேசுகிறது, பிறகு அந்தப் பேச்சு உள்ளே இறங்கிச் சிந்தனையாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி காட்டினார். வெளியிலிருந்து வந்த பேச்சுதான் உள்பேச்சாகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வீட்டில் கேட்ட வசவு அப்படியே உள்ளே குடியேறும் என்று அவர் சொல்லவில்லை. அது என் தொழிலில் நான் கேட்டு வந்தது. ‘நீ உருப்பட மாட்டாய்’, ‘பக்கத்து வீட்டுப் பையனைப் பார்’, ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ – முப்பது நாற்பது வயதில் நல்ல வேலையில் இருப்பவர்கள் தம்மைத் தாமே திட்டிக்கொள்ளும்போது, மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்ட கையின் குரல் அதில் கேட்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் கவனித்தது இதன் இன்னொரு முகம். மனச்சோர்வு உள்ளவர்களின் மனதில், அவர்கள் அழைக்காமலேயே, மின்னல் வேகத்தில் சில வாக்கியங்கள் வந்துபோகின்றன. அவை பெரும்பாலும் மூன்று விஷயங்களைப் பற்றியவை: நான் மோசம், உலகம் மோசம், எதிர்காலமும் மோசம். உங்கள் கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். உங்கள் வாக்கியம் முதல் வகை, அப்பாவின் வாக்கியம் இரண்டாம் வகை.

இந்தப் பேச்சுக்கு எவ்வளவு வலு என்பதைத் தற்செயலாகக் காட்டிக்கொடுத்தது ஒரு நிலநடுக்கம். சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர், மனம் வாடும்போது யார் அதையே சுற்றிச் சுற்றி அசைபோடுகிறார்கள், யார் வேறு காரியத்தில் இறங்குகிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் கேட்டுக் குறித்து வைத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களைச் சந்தித்தார்கள். ஏற்கெனவே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களிடம்தான் மனச்சோர்வு அதிகம் இருந்தது. அதே நிலம்தான் எல்லோருக்கும் ஆடியது.

நம் ஊரில் நிலத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் வசித்த ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது வீட்டில் இருந்ததையெல்லாம் இழந்தவர். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்தால் தூக்கம் போய்விடும். ‘செம்பரம்பாக்கம் ஏரி நீர்மட்டம் உயர்வு’ என்று ஓடும் எழுத்தில் வந்தால் போதும், அரை மணிக்கு ஒருமுறை கைப்பேசியைத் திறந்து பார்ப்பார். செய்தி பார்க்காதீர்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொறுப்பற்ற அறிவுரை. ஆற்றங்கரையில் தரைத்தளத்தில் இருப்பவர் ஏரியின் நீர்மட்டத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். மனதில் வருவதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். முதல் வரி: ‘ஏரி நிரம்புகிறது.’ அடுத்த வரி: ‘இந்த முறையும் எல்லாம் போய்விடும்.’ அதற்கும் அடுத்த வரி: ‘அன்றைக்கும் பிள்ளைகளைக் காப்பாற்றத் தெரியாமல் நின்றவள்தானே நான்.’ முதல் வரி மட்டும்தான் செய்தி. மூன்றாவது வரியை எந்தச் சேனலும் சொல்லவில்லை. அன்று இரவு என்ன நடந்தது என்று மணி வாரியாகக் கேட்டேன். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டுபோய் மாடி வீட்டில் விட்டவர் அவர்தான். நனைந்து அழிந்தது பீரோவும் மகளின் மதிப்பெண் சான்றிதழும். சான்றிதழை எடுக்காமல் விட்டேனே என்ற தவிப்பு, ஆண்டுகள் ஓட ஓட, பிள்ளைகளையே காப்பாற்றாதவள் என்ற தீர்ப்பாக வளர்ந்திருந்தது.

நாங்கள் அந்த மூன்று வரிகளை நல்லெண்ண வாசகங்களால் மூடவில்லை. உள்ளது உள்ளபடி திருத்தினோம். ‘ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்று நீர்மட்டம் இவ்வளவு. சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில் பரண்மேல் இருக்கின்றன. தண்ணீர் திறப்பதாக அறிவிப்பு வந்தால் மாடி வீட்டு அக்கா வீட்டுக்குப் போவோம், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன முறை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான்.’ நீர்மட்டத்தைக் காலையிலும் மாலையிலும் மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அவருக்குப் பயம் போய்விடவில்லை. போகவும் கூடாது, ஆறு அங்கேயேதான் இருக்கிறது. தூக்கம் வந்தது.

கண்ணாடி முன் பாராட்டு பற்றி நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கனடாவில் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்பு செலுத்தத் தகுந்த மனிதர்’ என்ற பொருள்பட்ட வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். தன்மதிப்பு ஏற்கெனவே உயர்ந்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் நல்லது நடந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களில், அதைச் சொன்னவர்களின் மனநிலை சொல்லாதவர்களுடையதைவிட மோசமாக இருந்தது. ஏன் என்பதை ஊகிக்கலாம்: நம்பாத ஒன்றைச் சொல்லும்போது, உள்ளே இருப்பவன் அதற்கு எதிரான சாட்சிகளை வரிசையாக அழைத்து வருகிறான். சரி, கெட்ட எண்ணத்தை நினைக்காமலே இருந்துவிடலாம் என்றால் அதுவும் நடப்பதில்லை. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று டேனியல் வெக்னர் 1987-இல் தம் ஆய்வுக்கு வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தார். அவர்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் நம்பிக்கை தருவது ஈதன் கிராஸ் 2014-இல் சொன்ன வழி. பதற்றமான நேரத்தில் ‘நான்’ என்று சொல்லாமல் தன் பெயரைச் சொல்லித் தன்னிடமே பேசியவர்கள், அதாவது ஒரு நண்பனிடம் பேசுவதுபோலப் பேசியவர்கள், சற்றே நிதானமாக இருந்தார்கள். இதை நான் பலரிடம் பரிந்துரைக்கிறேன். எல்லோருக்கும் பலிப்பதில்லை; பலிப்பவர்களுக்கு முதல் நாளிலேயே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

எண்ணத்தைத் திருத்துவதே மருந்து என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும், பெக்கின் வழியில் வந்த சிகிச்சை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பலன் தருகிறது என்பதற்கு ஏராளமான சான்றுகள் உண்டு. எதனால் பலன் தருகிறது என்பதில்தான் குழப்பம். 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் அந்தச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். எண்ணங்களைத் தொடாமல், கைவிட்டுப்போன காரியங்களை மறுபடி செய்யவைப்பது மட்டுமே, முழுச் சிகிச்சைக்கு ஈடாக வேலை செய்தது. இதை நான் என் அறையிலும் பார்க்கிறேன். காலையில் எழுந்து பூங்காவரை நடந்துவிட்டு வந்தவரின் மனதில் ஓடும் பேச்சு, நாம் திருத்தாமலேயே, சில சமயம் மாறிவிடுகிறது.

இன்னோர் எல்லையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துன்பம் எல்லாம் நாம் நினைக்கும் விதத்தில்தான் இருக்கிறது என்று மேடைகளில் சொல்லப்படும்போது எனக்குக் கோபம் வருகிறது. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். வேலையிடத்தில் சாதி சொல்லி ஒதுக்குகிறார்கள். குடித்துவிட்டு வந்து கணவன் அடிக்கிறான். இவர்களிடம் போய் உன் உள்பேச்சை மாற்றிக்கொள் என்பது, பாதிக்கப்பட்டவர் தலையிலேயே பழியைப் போடுவது. அவர்களுக்கு முதலில் தேவை பணமோ, சட்டமோ, தங்க ஒரு பாதுகாப்பான இடமோதான். அங்கே என் தொழிலுக்கு இரண்டாம் இடம். அலுவலகத்தில் உங்கள் மேலாளர் உண்மையிலேயே தினமும் உங்களை அவமானப்படுத்துகிறார் என்றால், அதை உங்கள் மனதின் கோளாறாக எழுதிவிடாதீர்கள்.

அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள்; காலையில் எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். இதில் பெரிய உளவியல் எதுவும் இல்லை. தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லாமே மோசமாகத் தெரியும், அவ்வளவுதான். செய்தியைப் பகலில், உட்கார்ந்து, படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அச்சுப் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருப்பதே ஒரு நன்மை. ‘லாயக்கில்லாதவன்’ என்ற சொல் வரும்போதெல்லாம் அதை எதிர்த்து வாதாடாமல், அன்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்: ‘இன்று அனுப்பிய கணக்கு அறிக்கையில் ஒரு தொகை தவறு. பதினொரு மணிக்குத் திருத்தி அனுப்பினேன்.’ தவறு தவறாகவே இருக்கட்டும், அது உங்கள் முழு ஆளையும் விழுங்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் எழுதிய பிறகு பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அந்தச் சொல் எந்த நேரத்தில், யாரோடு பேசிய பிறகு, எத்தனை மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு வருகிறது என்று ஒரு தடம் தெரியவரும். தெரியாமலும் போகலாம், அப்போதும் அந்த நோட்டு ஒரு உளவியலாளரிடம் காட்ட உதவும்.

அப்பாவிடம் ‘நாடு கெடவில்லை’ என்று வாதம் செய்யாதீர்கள், ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். நாற்பது ஆண்டு வேலைக்குப் போய் வந்த ஒருவருக்கு, யாரோ தம்மிடம் விஷயம் சொல்கிறார்கள் என்ற உணர்வைத் தரும் ஒரே குரல் இப்போது அந்தச் சேனலாக இருக்கக்கூடும். அதை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைக்கப்போகிறீர்கள்? பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவருவது, பக்கத்துக் கிளை நூலகம், ஓய்வூதியர் சங்கக் கூட்டம், மாலையில் உங்களோடு ஒரு நடை. ஏதாவது ஒன்று நிச்சயமான நேரத்தில், அவரை எதிர்பார்த்து இருக்க வேண்டும். அவர் செய்தி சொல்லும்போது ‘இதில் நம் வீட்டுக்கு என்ன வேலை இருக்கிறது அப்பா?’ என்று கேளுங்கள். தெருவில் கழிவுநீர் தேங்குகிறது என்றால் மாநகராட்சிக்கு அவரே புகார் கொடுக்கட்டும். நடவடிக்கை எடுக்க வாய்ப்புள்ள செய்தி மனிதரை எழுப்பி உட்கார வைக்கும். வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய செய்திதான் சாய்த்துவிடுகிறது. இது ஆய்வு சொன்னதல்ல, என் அனுபவம்.

நான் முன்பே கேட்ட கேள்வி மீதம் இருக்கிறது. அவர் முன்பு விரும்பிச் செய்ததையெல்லாம் விட்டுவிட்டாரா? சாப்பாடு குறைந்திருக்கிறதா? விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதா? ‘நான் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்ற பேச்சு வருகிறதா? இவற்றில் சில இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டிவியைக் குறைசொல்லிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதியவர்களின் மனச்சோர்வு பல வீடுகளில் வயசுக் கோளாறு, எரிச்சல், பிடிவாதம் என்றே கடந்துபோய்விடுகிறது. சிகிச்சை தந்தால் நன்றாகக் குணமாகக்கூடியது. தைராய்டு, பி12 குறைபாடு போன்றவையும் இதேபோலத் தோற்றம் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். கொளத்தூரிலிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் தூரம் இல்லை. அங்கே புறநோயாளிகளுக்கும் சிகிச்சை உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருபவர்களுக்காக சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பு இருக்கிறது. இதை அப்பாவுக்காக மட்டும் எழுதவில்லை. அவரைப் பற்றி விரிவாக எழுதிய நீங்கள் உங்களைப் பற்றி ஒன்றிரண்டு வரிகளில் கடந்துவிட்டீர்கள். அதே கேள்விகளுக்கு உங்கள் பதிலும் ‘ஆம்’ என்றால், முதல் சந்திப்புக்கு உங்கள் பெயரில் நேரம் வாங்குங்கள்.